பூங்கொடி மனையில் இறங்கிய மண்

செங்கல்பட்டு மாவட்டம்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகள் பூங்கொடிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். உன் மாமன் காசிநாதனும் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறான், என்னோடு பேசுவதுதான் இல்லை. நீ புனேயில் அந்த வறட்டு இருமல் விட்டு, வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும் என்று அம்மா திருக்கழுக்குன்றம் போய் வேண்டிக்கொண்டு வந்தாள். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ ஒன்று சொல்வதற்குள் நான் கத்திவிடுகிறேன், நீ பட்டென்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் கத்தினால் சத்தம் வராது. ஆகையால் கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

உன் மனையில் மாமன் கொட்டிய மண்ணை எடுக்கப் போகிறேன் என்று சொன்னதற்கு அன்றைக்கு அழுதாய். ஊரே மனையை மேடேற்றிக் கட்டுகிறது, நம் வீட்டுக்கு மட்டும் ஏனப்பா சட்டம் என்று கேட்டாய். கேட்க வேண்டிய கேள்விதான், அதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். நம் தெருவில் முதல் காங்கிரீட் மெத்தை வீடு யாருடையது? ஹெலன் அக்காவுடையது. உன் மனைக்கு அடுத்த மனை, உனக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த அதே ஹெலன் அத்தைதான். மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் விடியும் முன்னே ஏறி, இருட்டிய பிறகு இறங்கி, அப்படிச் சம்பாதித்துக் கட்டிய வீடு. கட்டும்போது ரோட்டுக்கு இரண்டடி மேலே பேஸ்மட்டம் வைத்து, யாரும் குறை சொல்ல முடியாதபடிதான் கட்டினார். அதன் பிறகு ரோட்டுக்காரர்கள் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டு போனார்கள். அடுத்து வந்தவன் புது ரோட்டைப் பார்த்து மண்ணடித்து ஏற்றினான், அவனுக்கு அடுத்தவன் அவனைப் பார்த்து இன்னும் ஏற்றினான். ஒவ்வொருத்தனும் தன் வாசலைத்தான் பார்த்தான், அந்த வாசலில் நிற்க வேண்டிய தண்ணீர் எங்கே போகும் என்று ஒருத்தனும் பார்க்கவில்லை. இன்றைக்கு அக்கா வீட்டுக்கு ரோட்டிலிருந்து படி இறங்கித்தான் போக வேண்டும். பெய்கிற மழை முழுக்க அந்த வீட்டுக்குள்ளும் பின்னால் இருக்கிற காலனிக்குள்ளும் போய் நிற்கிறது. அந்தப் பக்கம் ஏன் பள்ளம் என்று கேட்டால், அது அப்படித்தான் என்கிறார்கள். மேட்டையெல்லாம் நம் ஆட்கள் முதலிலேயே எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவர்களுக்கு விட்டார்கள், விஷயம் அவ்வளவுதான். இதை உன் மாமன் எதிரில் சொன்னால் சண்டைக்கு வருவான், வரட்டும்.

எனக்கு ரோட்டு வேலையில் லெவல் பார்ப்பதுதான் பிழைப்பு. டிரைபாடை நிறுத்தி, லெவல் மிஷினில் கண்ணை வைத்தால் எந்த மனைத் தண்ணீர் எந்த மனைக்கு இறங்கும் என்று சொல்லிவிடுவேன். தெரிந்து வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. போன வருஷ மழைக்குப் பிறகு நம் ஊராட்சித் தலைவர் ஜெகதாம்பாள் அம்மாவைப் பார்க்கிற இடத்திலெல்லாம் நச்சரித்தேன். மாமல்லபுரம் ரோட்டுப் பக்கம் நூறு மனை போடுகிற கம்பெனிக்காரனைக் கேட்கப் பெரிய ஆபீஸ் இருக்கிறது, நம் தெருவில் ஒற்றை மனையில் கட்டுகிறவனை யார் கேட்பது, ஊராட்சிதானே கேட்க வேண்டும் என்றேன். நான் எழுதிக் கொடுத்த விதி இவ்வளவுதான். ஏரி வாய்க்கால் ரோட்டைக் கடக்கிற கல்வெர்ட்டில், அந்தச் சின்னப் பாலத்தில், ஒரு குறி போட்டிருக்கிறோம், அந்தக் குறிக்கு மேலே எவனும் மண்ணை ஏற்றக் கூடாது. வீட்டைத் தூண் வைத்து எவ்வளவு உயரத்தில் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும், தரை மட்டும் உயரக் கூடாது. அவனவன் கூரையிலும் வாசலிலும் விழுகிற மழை முதலில் அவனவன் மனைக் குழியில் இறங்க வேண்டும், குழி நிரம்பி வழிந்தால் வாய்க்காலுக்குப் போகலாம், பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது. தலைவர் அம்மா இதைப் படித்துவிட்டு, சட்டம் போடறது சுளுவு பார்த்திபா, மொதல்ல யாரு தலைல வுழுதுன்னு பாக்கலாம் என்று சிரித்தார். எவன் தலையில் விழுந்தாலும் சரி என்று நான் வீறாப்பாகச் சொன்னேன்.

காந்தி ஜெயந்தி அன்று கிராம சபையில் அதைப் படித்துக் காட்டினேன். நடுவில் எழுந்து கேள்வி கேட்டவர்களை உட்கார வைத்தேன், உன் அம்மா சொல்வது போல வாத்தியார் மாதிரி அதட்டினேன் போலிருக்கிறது. கை தூக்கச் சொல்லப் போகிற சமயத்தில் ரோட்டில் பைக்கில் போன ஒருத்தன் வண்டியை நிறுத்தாமலே, அண்ணாத்த, நீ இங்க சட்டம் பேசிகினு கீற, அங்க உன் பொண்ணு மனைல லாரி லாரியா சவுட்டு மண்ணு எறங்கிகினு கீது என்று கத்திவிட்டுப் போனான். பந்தல் முழுக்கச் சிரிப்பு. மைக்செட்காரன் கூட வயரை விட்டுவிட்டுச் சிரித்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை, நான் யாரிடமும் மண் கேட்கவில்லை. தலைவர் அம்மா சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, இன்னா பார்த்திபா, கையத் தூக்கலாமா, இல்ல டீ குடிச்சிட்டுக் கலையலாமா என்றார். முதல் கையாக என் கையைத் தூக்கினேன் பூங்கொடி. அப்புறம்தான் மற்றவர்கள் தூக்கினார்கள். தூக்கிய கையை இனிமேல் இறக்க முடியாது, இதுதான் உன் கேள்விக்கு முதல் பதில்.

மனைக்கு ஓடிப் போய்ப் பார்த்தால் உன் மாமன் மண்மேட்டின் உச்சியில் செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்கிறான். நாம் ஆச்சரியப்பட வேண்டும் என்று சொல்லாமல் தன் லாரிகளிலேயே கொண்டு வந்திருக்கிறான். தையில் உன் கல்யாணம், அதற்குள் தன் அக்கா மகள் வீடு தெருவிலேயே உயரமாக நிற்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. இன்னா மாமா, தாய்மாமன் சீருன்னு ஒரு தோடு போட்டா பாப்பா காதுல தான் தெரியும், இத்தப் பாரு, ஊருக்கே தெரியும் என்று பூரித்துப் போய்ச் சொன்னான். நான் அந்தப் பூரிப்பைப் பார்க்காமல் எடுத்த எடுப்பிலேயே இதை அள்ளு என்றேன். என் வாய் உனக்குத் தெரிந்ததுதானே. போட்ட மண்ண அள்ளச் சொல்றியே, நாளைக்குப் போட்ட நகையக் கழட்டச் சொல்லுவியா என்று அவனும் எகிறினான். தூண் மேலே கட்டுவோம் என்று விளக்கினால், அது இன்னா வூடா புறாக்கூண்டா, மாப்ள வூட்டுக்காரங்க வந்து பாத்தா பள்ளத்துல பொண்ணு எடுத்தோம்னு சிரிக்க மாட்டாங்களா என்கிறான். கடைசியில் மண்ணை எடுத்தால் கல்யாணத்துக்கே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான். உனக்குப் போன் போட்டதும் அப்போதுதான். தாய்மாமன் இல்லாமல் மணமேடை ஏறுவதா என்று நீ அழுததில் தப்பில்லை. அன்று முழுக்க உன் அம்மாவும் என்னோடு பேசவில்லை. அவளுக்குத் தம்பி, உனக்கு மாமன், நடுவில் நான் ஒருத்தன் லெவல் மிஷினோடு நிற்கிறேன்.

லாரிக்கு ஆள் பேசுவதற்குள் மழை முந்திக்கொண்டது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். உன் மனையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, உன் மாமன் ஆசைப்பட்ட மாதிரியே மேடு. ஆனால் அந்தச் சவுடு முழுக்கச் சேறாகக் கரைந்து அக்கா வீட்டு வாசல், கூடம், சமையலறை எல்லாம் பரவியிருக்கிறது. இத்தனை வருஷமாக அங்கே தெருத் தண்ணீர்தான் போயிருக்கிறது, வடிந்தால் துடைத்துவிடலாம். இது சேறு. கிரைண்டர் பாதி முழுகி நிற்கிறது. கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு ஹெலன் அக்கா சுடிதாரை இழுத்துச் செருகிக்கொண்டு முறத்தால் வாரிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நிமிர்ந்து, உன் பொண்ணு வூடு இன்னும் எழும்பவே இல்ல பார்த்திபா, அதுக்குள்ள எங்க வூட்டுக்கு விருந்தாட வந்துடுச்சி பாரு என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வாயில், பூங்கொடி நல்லா கீதா, இருமல் போச்சா என்று கேட்டார். மண்வெட்டியை எடுத்து வாய்க்கால் பக்கம் வழி வெட்டினேன்.

பின்னாலேயே உன் அம்மா வந்தாள். பார்த்தாள், அக்காவோடு குனிந்து வார ஆரம்பித்தாள். வாரி முடித்ததும் ஒரு பேசின் நிறையச் சேற்றை எடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். போன மாதம்தான் போட்ட வெள்ளை டைல்ஸ் கூடம், அதன் நடுவில் பேசினை வைத்து, நீ குடுத்த சீரு அட்ரஸ் மாறி ஹெலன் வூட்டுக்குப் போயிடுச்சி தம்பி, இந்தா, திருப்பிக் குடுக்க வந்தேன் என்றாளாம். காப்பி கூடக் குடிக்காமல் வந்துவிட்டாள். நான் நாள் கணக்காகக் கத்தி நடக்காதது அந்த ஒரு பேசினில் நடந்தது. மறுநாள் காலையில் ஜேசிபியும் லாரிகளும் தானாக வந்து நின்றன. டிரைவர் என்னிடம், ஓனர் அள்ளிகினு வரச் சொன்னாரு, உங்ககிட்ட பேச வேணாம்னும் சொன்னாரு என்றான். பேசாதே அப்பா, அள்ளு என்றேன்.

இப்போது உன் மனை பழைய மட்டத்துக்கு வந்துவிட்டது. மிஷின் வைத்து நானே பார்த்தேன், கல்வெர்ட் குறிக்கு ஒரு ஜாண் கீழேதான் இருக்கிறது. ஹெலன் அக்கா வீட்டை ஒட்டிய மூலையில் குழி எடுத்திருக்கிறோம். முந்தாநாள் மறுபடி நல்ல மழை. உன் மனையில் கணுக்காலுக்குத் தண்ணீர் நின்றது, தவளை கத்தியது, நேற்று சாயங்காலம் எல்லாம் குழிக்குள் இறங்கிவிட்டது. அக்கா வீட்டுப் படியில் தெருத் தண்ணீர் கொஞ்சம் நின்றது, அது மற்றவர்கள் ஏற்றிய மண், அதற்கும் ஒருநாள் வருவேன். உன் மனையிலிருந்து ஒரு சொட்டுப் போகவில்லை. வீட்டு வரைபடத்தை மாற்றி வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். தூண் மேலே வீடு, கீழே வண்டி நிறுத்தலாம். நீ கேட்ட மாதிரி வாசல் முழுக்க டைல்ஸ் கிடையாது, மண்ணும் புல்லும்தான். ஹீல்ஸ் போட்டால் புதையும், வேறு செருப்பு வாங்கிக்கொள். மழைக்காலத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ நம் வாசலில் தண்ணீர் நிற்கும், அதில் இறங்கித்தான் வேலைக்குப் போக வேண்டும். அது நம் மனையில் பெய்த மழை, நம் வாசலில்தான் நிற்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரை நான் கார்த்திகை மழையிலேயே வரச் சொல்லப் போகிறேன், பார்க்கிறதை முதலிலேயே பார்த்துக்கொள்ளட்டும். மனை உன் பெயரில் இருக்கிறது, உனக்கு வருத்தம் இருக்கலாம், ஆனாலும் இதில் நான் மாறுவதாக இல்லை.

ஒரே ஒரு வேலை உன்னால்தான் ஆக வேண்டும். உன் மாமனுக்குப் போன் செய். என் போனை எடுக்க மாட்டான், உன் போனை எடுப்பான். அவன் ஆசையில் தப்பில்லை, மண்ணில்தான் தப்பு. நான் அவனிடம் அதைப் பிரித்துச் சொல்லவில்லை, நீ சொல். குழியில் நிரப்பப் பெரிய ஜல்லி வேண்டும், செங்கல் உடைசலும் வேண்டும். ஒரு லாரி கொண்டு வந்து நீயே நின்று போட்டுக் கொடு மாமா, அதுதான் எனக்குத் தாய்மாமன் சீர் என்று கேள். மேலே மண் மூடிவிட்டால் ஊர்க் கண்ணுக்குத் தெரியாது என்று முறுக்குவான். ஒவ்வொரு மழைக்கும் ஹெலன் அத்தை காய்ந்த தரையில் நின்று தோசை சுடும்போது தெரியும் என்று சொல். மண்ணைக் கொண்டு வந்தவனே கல்லையும் கொண்டு வரட்டும், குழியை அதுவரை திறந்தே வைத்திருப்பேன், வேறு யாரிடமும் ஜல்லி வாங்க மாட்டேன்.

வண்டி எடுத்தால் ஹெல்மெட் போடு, பக்கத்துத் தெருவுக்குத்தானே என்று சொல்லாதே. இருமலுக்கு அம்மா கொடுத்தனுப்பிய சுக்குப் பொடியைத் தினமும் குடி, டப்பாவைத் திறக்கவே இல்லை என்று உன் குரலிலேயே தெரிகிறது. கல்யாணமும் வீடும் நல்லபடியாக முடிந்து, நீயும் அந்தப் பையனும் அக்கம்பக்கத்தார் மனம் நிறைந்து வாழ்த்த நீண்ட நாள் வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். மாமனுக்குப் போன் போட மறக்காதே, அடுத்த மழைக்குள்.

இப்படிக்கு,
உன் அப்பா
பார்த்திபன்