பழைய வயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் இருமல் குறைந்ததா? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

நம் கம்ப்யூட்டரில் போட வாங்கிய புதுக் கிராஃபிக்ஸ் கார்டைப் பழைய பவர் சப்ளை தாங்காது என்று தம்பி சொன்னானே, பெரியதாக ஒன்று தோழியிடம் கொடுத்தனுப்புகிறேன். அதே டப்பாவில்தான் இந்தக் கடிதமும். அவன் ஸ்குரூ டிரைவரைத் தொடுமுன் படித்துக் காட்டுங்கள். பழைய வயர் புதியதிலும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் உள்ளே மின்சாரம் வரும் வரிசை வேறு. டப்பாவில் உள்ள வயரை மட்டுமே மாட்ட வேண்டும்.

இங்கே கடையில் நேற்று ஒரு சின்னத் தவறு நடந்தது, பயப்படாதீர்கள். வயதான ஒரு அம்மாளின் கம்ப்யூட்டரில் பவர் சப்ளை மாற்றினேன். பழைய வயர் அழகாகக் கட்டியிருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். சுவிட்ச் போட்டதும் கருகல் வாடை. டிஸ்க் போய்விட்டது.

இன்று அந்த அம்மாள் வந்து, "எங்க வீட்டுக்காரர் குரல் அதுல மட்டும்தான் இருக்கு. பத்திரமா இருக்கும்ல?" என்றார்.

"இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். முதலாளிக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகுமோ.

என் பழைய மூக்குக்கண்ணாடியைத் தோழி திரும்பும்போது கொடுத்தனுப்புங்கள். உங்கள் கையால் நாலு வரியும் எழுதுங்கள்.

அப்பா, தம்பி இன்றைக்கு எதையும் கழற்ற வேண்டாம். முதலில் நம் டிஸ்கில் உள்ளதையெல்லாம் வேறொன்றில் நகல் எடுக்கட்டும். அம்மா கடைசியாகப் பேசியது அதில் மட்டும்தான் இருக்கிறது.

தோழி வாசலில் நிற்கிறாள். டப்பாவை ஒட்டிக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் போகிறேன்.

உங்கள் மகள்