சந்துக்கு மேலே ஒரு சதுரங்கம்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், கட்டடமும் ஏறக்குறைய சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நிலநடுக்கம் வந்தால் நம் அடுக்குமாடி தாங்குமா என்று சோதிக்க ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள், உன் வயசுதான், ஆனால் தலையை ஒழுங்காக வாரியிருந்தாள். கீழே கார் நிறுத்துமிடத்தில் தூண் தூணாகத் தட்டிப் பார்த்தாள், மொட்டை மாடியில் ஒரு கருவியை வைத்துக் கட்டடம் எவ்வளவு ஆடுகிறது என்று அளந்தாள், மேல்வீட்டு டீச்சர் அங்கே ஸ்கிப்பிங் ஆடப்போய் மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டியதாயிற்று. கீழ்த்தூண்களைப் பலப்படுத்தினால் போதும் என்றாள். அதோடு விட்டாளா? நம் ஹால் ஜன்னலை எட்டிப் பார்த்தாள், வந்தது வினை. பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டரும் உன் அப்பாவும் சதுரங்கம் ஆட, சந்துக்குக் குறுக்கே இரண்டு ஜன்னலையும் இணைத்துப் ஒரு பலகையைத் திருகாணி போட்டு முடுக்கி வைத்திருக்கிறார்களே, அது கண்ணில் பட்டுவிட்டது. நிலம் ஆடினா ரெண்டு கட்டடமும் தனித்தனியா ஆடணும் சார், நடுவுல எதுவும் இருக்கக் கூடாது, இது பிச்சுக்கிட்டுக் கீழ ஓடுறவங்க தலையில விழும், இப்பவே கழட்டுங்க என்று நின்று கழற்ற வைத்துவிட்டுத்தான் போனாள்.

அன்றிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டர் வீட்டுக்கே போய் ஆடுங்களேன் என்றால், கடைசி ஆட்டத்துல தோத்தது அவன், அவன்தான் முதல்ல வரணும் என்கிறார். ஜெயிச்சவன்தான் வரணும் என்று டாக்டர் அங்கிருந்து கத்துகிறார். இத்தனை வருஷ சிநேகத்தில் ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதித்ததில்லை! இரண்டு ஜன்னலும் சாத்திக்கொண்டன. அப்பா தனியாக இரண்டு பக்கமும் ஆடி, இரண்டு பக்கத்தையும் தானே திட்டிக்கொண்டிருந்தார். இந்த வயசில் இன்னொரு சிநேகிதருக்கு எங்கே போவார், சொல்லு.

நேற்று அப்பா, குப்பை கொட்டப் போகிறேன் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். குப்பை இங்கேயே இருந்தது. சற்று நேரத்தில் மணி அடித்தது, திறந்தால் டாக்டர்! மருந்துக் கடைக்கு வந்தேன், அப்படியே ஏறிப் பார்த்தேன் என்று மூச்சு வாங்குகிறார். டாக்டர் நம் முன் கேட்டில் வர, அப்பா யார் கண்ணிலும் படாமல் பின் கேட்டில் போயிருக்கிறார். ஜன்னலைத் திறந்தால், எதிரே டாக்டரின் நாற்காலியில் உன் அப்பா!

திரும்பி வர இருவருக்கும் மனசில்லை. அப்படியே இடம் மாறி உட்கார்ந்து, ஆளுக்கொரு பலகை வைத்துக் கத்திக் கத்தி ஆடினார்கள். டாக்டர் என் சமையலைப் புகழ்ந்து இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அப்பா அங்கே காயெல்லாம் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாராம், இங்கே என்ன கேடோ.

கண்ணு, எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு. தலைக்கு எண்ணெய் வை. அப்புறம், உன் போனை அப்பா எதிர்பார்க்கவே இல்லையாம். காலையிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டார். நீயே முதலில் கூப்பிட்டுவிடு.

கத்தலுக்கு நடுவிலிருந்து,
உன் அம்மா