மீன் வறுவல் வெள்ளியில் வாங்கிய பத்துக் கையெழுத்து

அன்புள்ள அண்ணன் கர்ட்டுக்கு,

இங்கே அம்மா, அப்பா, நான், புதிதாகக் கன்று போட்ட இரண்டு பசுக்கள் எல்லோரும் சுகம். ராணுவப் பயிற்சி முகாமில் உன் கால் கொப்புளம் ஆறியிருக்கும், வயிறாரச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். வாராவாரம் அம்மா எழுதும் கடிதத்தை இந்தத் தடவை நான் எழுதுகிறேன், ஏனென்றால் சட்டமன்றத் தேர்தலுக்கு நிற்கிறவளுக்குப் பேனா பிடிக்க நேரமில்லை. பத்தொன்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவளுக்கு எந்த வீட்டு நாய் கடிக்கும் என்றுகூடத் தெரியும். ஆனால் ஆற்றுப் பாலத்தை மூடியதால் பேருந்து பதினொரு மைல் சுற்றுகிறதே, அந்தக் கதையை ஒவ்வொரு வாசலிலும் முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் வேட்புமனுத் தாளை நீட்டுவாள். "முதல்ல கையெழுத்த வாங்கு, பாலத்த அப்புறம் கட்டலாம்" என்று அப்பா கிண்டல் செய்தாலும் கேட்பதில்லை. அதனால், வாக்குச் சீட்டில் பேர் வர இருநூறு கையெழுத்து கட்டாயம் வேண்டிய இடத்தில் இருநூற்றேழுதான் சேர்ந்திருக்கிறது. நாளை மாலை ஐந்து மணிக்குள் தலைநகர் மாடிசனில் கொடுத்தாக வேண்டும்.

இனி எழுதுவது யாருக்கும் தெரியக் கூடாது. போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை வழக்கம்போல ஊரே கூடும் மீன் வறுவல் சாப்பாட்டுக்கு ஊர் விடுதிக்குப் போயிருந்தோம். யாரோ வாசலுக்குக் கூப்பிட, "இதப் பிடிச்சுக்கோடி" என்று தாள் வைத்த அட்டையைக் கொடுத்துவிட்டு அம்மா போனாள். சும்மா இருப்பானேன் என்று நான் மேசை மேசையாகப் போனேன். "பஸ்காரி பொண்ணா, கொண்டா கொண்டா" என்று எண்ணெய்க் கையோடு பத்துப் பேர் போட்டார்கள். ஒரு தாள் நிறைந்தது. கட்டோடு சேர்த்துவிட்டேன். ஞாயிறன்று அம்மா பாதித் தூக்கத்தில் எல்லாத் தாள்களின் அடியிலும் கையெழுத்துப் போட்டாள். இன்று அவற்றைக் குத்தி அடுக்கும்போதுதான் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். "மேலே உள்ளவற்றை நானே நேரில் நின்று வாங்கினேன்" என்று வயது வந்தவர் உறுதி சொல்ல வேண்டுமாம். எனக்குப் பதினைந்து. அம்மாவைப் பொய்ச் சத்தியம் செய்ய வைத்துவிட்டேன். அந்தத் தாளை எடுத்தால் இருநூறுக்கு மூன்று குறையும். எடுக்காவிட்டால் ஒருவேளை யாருக்கும் தெரியாமலே போய்விடும். அப்படித் தோன்றுவதுதான் அண்ணா, எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது.

இது மறுநாள் இரவு. நேற்று மேலே எழுதியதை நிறுத்திவிட்டு நேராகப் போய் அம்மாவை எழுப்பிச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. "அடியில போட்டது நான்தானடி, படிச்சிருக்கணும்" என்றாள். அளவுகோலை வைத்து அந்தத் தாளின் குறுக்கே கோடு போட்டாள். "ஏழ மட்டும் அடிச்சா கணக்கு சரியா வருமே" என்ற அப்பாவின் மேல் தலையணை பறந்தது. விடிய நாலரைக்கு ஹார்லன் மாமாவின் பால் கொட்டகைக்குப் போனோம், அந்த நேரம் அவர்தானே விழித்திருப்பார். என்னை வண்டியிலேயே உட்காரச் சொன்னாள். "வெள்ளிக்கிழமையே போட்டேனே" என்றார் மாமா. அம்மா நடந்ததைச் சொன்னாள். "தேர்தல்ல நிக்கிறவ உண்மை பேசுனா கறக்குற பால் திரிஞ்சிடும், குடு பேனாவ" என்றார். அவள் பாலத்துக் கதையைத் தொடங்கவும், "வேணாம் லொரெட்டா, மாடுங்களுக்கே மனப்பாடம்" என்று அவரும் அத்தையும் போட்டார்கள். சத்தம் கேட்டு எதிர்வீட்டு டொலோரஸ் போர்வையோடு வந்தாள். அம்மாவுக்கு ஓட்டுப் போட மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்கிறவள். ஒருவர் ஒரே வேட்பாளருக்குத்தான் கையெழுத்துப் போடலாம், ஆனால் அவள் இதுவரை யாருக்கும் போடவில்லையாம். "உன் பேரு சீட்டுல இருந்தாத்தானே உன்ன எதுத்து ஓட்டுப் போட முடியும்" என்று மூன்றாவதாகப் போட்டாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள்! பிறகு இன்னும் இரண்டு கொட்டகை, மொத்தம் இருநூற்று நாலு. மாலை நாலு மணிக்கு மாடிசனில் எண்ணிப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். நவம்பரில் ஜெயிப்பாளா தெரியாது, திரும்பி வரும் வழியெல்லாம் பாடிக்கொண்டே ஓட்டினாள்.

ஈரக் காலுறையோடு தூங்காதே. அம்மா, அப்பா ஆசி உனக்கு எப்போதும் உண்டு. தபால் ஓட்டு விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், மறக்காமல் அனுப்பு. உனக்குச் சிரமம் வேண்டாம் என்று நானே நிரப்பப் போனேன், அம்மா பேனாவைப் பிடுங்கிவிட்டாள்.

உன் அன்புத் தங்கை,
ஆனலீஸ்