வாரத்துக்கு விட்ட கோழி

ரயில்வே காலனி,
ஓலவக்கோடு.
18-6-1967

சேசு மரி சூசை

அன்புத் தங்கை வேம்புவுக்கு ஃப்ளோரன்ஸ் அக்கா ஆசையோடு எழுதுவது.

வந்து சேர்ந்தோம். உன் மாமா வேலையில் சேர்ந்துவிட்டார். எஞ்சின் ஷெட் இங்கேயும் அதே புகை, அதே சத்தம்தான். மழைதான் நம் ஊர் மழை இல்லை. வந்திறங்கிய அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை. துவைத்த சேலை ஒன்றும் காயவில்லை. கடையில் புளி கேட்டால் அவன் மலையாளத்தில் ஒன்று சொல்கிறான், எனக்கு ஒன்று புரிகிறது. ராயபுரத்தில் நீயும் நானும் கொல்லைச் சுவரின் இரண்டு பக்கமும் நின்று ஒரு நாளில் பேசியதை, இங்கே ஒரு மாதத்தில்கூடப் பேசமாட்டேன் போலிருக்கிறது.

கிளம்பிய அவசரத்தில் ஒன்றை முறையாகச் சொல்லவில்லை. கறுப்பியை உன்னிடம் வாரத்துக்கு விட்டிருக்கிறேன். கோழி என்னுடையது. தீனியும் பாடும் உன்னுடையது. பொரிக்கிற குஞ்சில் பாதி உனக்கு, பாதி எனக்கு. நமக்குள் என்ன வாரம், என்ன பங்கு என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். அந்தக் கொல்லையில் என்னுடையது என்று ஏதாவது இருக்க வேண்டும் எனக்கு.

சுகிர்தத்தைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. அவளைப் பெற்றதும் நீ காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பாலாடையில் பால் புகட்டினவள் நான். பேர் வைத்ததும் நான். நீ தேறி வந்த பிறகும் அவள் சுவரைத் தாண்டி உன் பக்கம் வரவில்லை. ஏழு வருஷம் ஒரே பாயில் படுத்தோம். இப்போது கை தன்னால் பக்கத்தில் தேடுகிறது, வேம்பு.

சாப்பிடுகிறாளா? ஒரு வரி எழுது.

உன் அக்கா
ஃப்ளோரன்ஸ்


பனைமரத்தொட்டி,
ராயபுரம்.
6-8-1967

வடிவுடையாள் துணை

அன்புள்ள அக்காவுக்கு வேம்பு வணக்கம். மாமாவுக்கும் சொல்லவும்.

உன் கடிதம் வந்தபோது என் வீட்டுக்காரர், அதுதான் நீ தம்பி என்று கூப்பிடுகிற உன் தம்பி, வாசலில்தான் இருந்தார். "இன்னாமே, அக்கா இன்னா எய்திகீது?" என்றார். கோழியைப் பற்றி என்றேன். "தோடா! மன்சாளப் பத்தி ஒரு வரி, கோயியப் பத்தி ஒரு பக்கமா?" என்று சிரித்துக்கொண்டே ஹார்பருக்குப் போனார்.

சரி, கோழிக் கதையைக் கேள். நீ போன பிறகு கறுப்பி இட்ட முட்டையையெல்லாம் பெருச்சாளி உருட்டிக்கொண்டு போய்விட்டது. அது அடைக்கு உட்கார்ந்தபோது கூடையில் ஒரு முட்டை இல்லை. வெறும் வைக்கோல் மேல் இறக்கையை விரித்துப் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது. தண்ணீர் தெளித்தேன், எழுந்திருக்கவில்லை. தூக்கி வெளியே விட்டேன், திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. பார்க்கப் பொறுக்காமல் என் செவலைக் கோழியின் முட்டைகளைக் கொண்டுபோய் அடியில் வைத்தேன். யார் முட்டை என்று அது கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் மூக்கால் இழுத்து வயிற்றுக்குள் தள்ளிக்கொண்டது.

இடிச் சத்தத்துக்கு முட்டை கெடாமலிருக்க ஓர் இரும்பாணியும் கரித்துண்டும் கூடையில் போட்டேன். நீ ஓட்டில் செருகியிருந்த குருத்தோலையைச் சுகிர்தம் எடுத்துவந்து அதையும் போட்டாள். உன் சாமியும் என் சாமியும் காவல் இருந்ததில் இரண்டு கூமுட்டை போக மற்றதெல்லாம் பொரித்துவிட்டன. ஒன்பது குஞ்சு. ஒன்றைப் பருந்து தூக்கிப்போயிற்று, ஒன்று சாக்கடையில் விழுந்து போயிற்று. மிச்சம் ஏழு.

உன் பெண் சாப்பிடுகிறாள். தட்டை எடுத்துக்கொண்டு கோழிக்கூடைப் பக்கம் போய்விடுகிறாள். அவளுக்கு ஒரு வாய், கறுப்பிக்கு ஒரு வாய். நான் கூப்பிட்டால் "இன்னா?" என்கிறாளே தவிர வருவதில்லை. உன் வீட்டுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பூட்டின அந்தக் கதவில் சாய்ந்துகொண்டுதான் பாடம் படிக்கிறாள். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். பெற்றவள் ஒருத்தி நாலு அடி தள்ளி நிற்கிறேனே, அக்கா.

பழகிவிடுவாள். நீ கவலைப்படாதே.

உன் தங்கை
வேம்பு


ஓலவக்கோடு.
27-8-1967

சேசு மரி சூசை

என் அன்பு வேம்புவுக்கு,

ஏழு குஞ்சு என்று படித்ததும் உன் மாமாவை எழுப்பிச் சொன்னேன். "யார் வீட்டுக் குஞ்சு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இங்கேயும் கோழி வளர்க்கிறார்கள். நான் "பா பா பா" என்று கூப்பிட்டால் ஒன்றுகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. கோழிக்குக்கூட இங்கே வேறே பாஷை.

கறுப்பியின் அம்மா அடைகாத்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஐப்பசி மழையில் கூடு நனைந்துபோய்த் தாயையும் குஞ்சையும் என் அடுப்படியில் கொண்டுவந்து வைத்தோம். சுகிர்தம் அப்போது தவழ்கிற பிள்ளை. காணவில்லை என்று நீ தலையிலடித்துக்கொண்டு ரயில்வே கேட் வரைக்கும் ஓடினாய், நான் ராயப்பர் கோயில் வரைக்கும் ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் கூடைக்குள் தலையை விட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறாள், முடியெல்லாம் குஞ்சு. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நாம் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு நின்றோம். தம்பி வேலப்பன் அன்று கப்பல் சாக்கு உதறிய கோதுமை கொண்டுவந்திருந்தார். குஞ்சுக்குப் போட்டது போக மீதியை வறுத்து, வெல்லம் வைத்து, கொல்லையில் உட்கார்ந்து தின்றோமே. அந்த ருசி அப்புறம் எதிலும் இல்லை.

வேம்பு, இனி மாமாவுக்கு ராயபுரத்துக்கு மாற்றல் கிடையாதாம். ரிடையர் ஆகும் வரைக்கும் இங்கேதான். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். இங்கே ரயில்வே பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு இருக்கிறது. என் பங்குக் குஞ்சு எனக்கு வேண்டாம். கறுப்பியையும் நீயே வைத்துக்கொள். சுகிர்தத்தை என்னிடம் அனுப்பிவிடு. அவளும் அங்கே பூட்டின கதவோடுதானே இருக்கிறாள்? உனக்கு இன்னும் மூன்று பிள்ளைகள் இருக்கின்றன. எனக்கு யார் இருக்கிறார்கள்?

பதிலுக்குக் காத்திருக்கும்
ஃப்ளோரன்ஸ்


ராயபுரம்.
10-9-1967

ஃப்ளோரன்ஸ் அக்காவுக்கு,

"உனக்கு இன்னும் மூன்று இருக்கின்றன" என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? நான் என்ன கோழியா, ஒன்று போனால் மீதியை மேய்த்துக்கொண்டு போவதற்கு?

நீ வளர்த்தாய். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். நீ இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை பிழைத்தே இருக்காது. அதற்காக அவளைக் கோழிக்கு மாற்றாகக் கேட்பாயா? உன் கோழி அடைகாத்திருக்கலாம், முட்டை என்னுடையது. நான் கறுப்பியைச் சொல்லவில்லை, சுகிர்தத்தைத்தான் சொல்கிறேன். உனக்குப் புரியட்டும் என்றுதான் இவ்வளவு பச்சையாக எழுதுகிறேன்.

அவ்வளவு ஆசை இருக்கிறவள் சென்ட்ரல் ஸ்டேஷனில் என்ன செய்தாய்? உன் முந்தானையைப் பிடித்த பிள்ளையின் கையைத் தட்டிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டி ஏறினாய். அவளைத் தூக்கிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தவள் நான். வழியெல்லாம் என் தோளைக் கடித்தாள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

உன் பங்குக் குஞ்சுகளுக்கு ஒரு குறையும் வராது. பிரிக்கிற நாளைச் சொல்கிறேன், ஆள் அனுப்பி எடுத்துக்கொள். அதற்கு மேல் நமக்குள் பேச்சு வேண்டாம்.

இப்படிக்கு
வேலப்பன் மனைவி வேம்பு


ஓலவக்கோடு.
1-10-1967

அன்புள்ள வேம்புவுக்கு,

பேச்சு வேண்டாம் என்றாய். இந்த ஒரு கடிதம் மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது. நீ வைதது சரி. ஆனால் எனக்கும் கோபம் உண்டு. கக்குவான் இருமலுக்கு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்தவளைப் பார்த்து "ஆள் அனுப்பி எடுத்துக்கொள்" என்கிறாய். நல்லா இருக்கிறது.

ஸ்டேஷனில் கையைத் தட்டிவிட்டேன். அந்தக் கையை ஒரு தரம் பிடித்திருந்தால், ஒன்று நான் வண்டி ஏறியிருக்க மாட்டேன், இல்லை அவளையும் தூக்கிக்கொண்டு ஏறியிருப்பேன். திரும்பிப் பார்க்கவில்லை என்றாயே, எப்படிப் பார்ப்பேன்? பார்த்திருந்தால் என் முகத்தை அவள் பார்த்திருப்பாள். ஜோலார்பேட்டை வரைக்கும் நான் உட்காரவேயில்லை. மாமாவைக் கேட்டுப்பார்.

கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பிள்ளை உன்னுடையவள். அவள் உன்னோடு ஒட்டிக்கொள்ளட்டும். அதற்கு நான் குறுக்கே இருக்கக் கூடாது. என் பேச்சை அவளிடம் எடுக்காதே. கறுப்பியும் வேண்டாம், குஞ்சும் வேண்டாம், எல்லாம் உனக்கே. வாரம் முடிந்தது என்று வைத்துக்கொள்.

நன்றாக இருங்கள்.

ஃப்ளோரன்ஸ்


பனைமரத்தொட்டி,
ராயபுரம்.
4-12-1967

வடிவுடையாள் துணை

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாக நான் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. இருவருக்கும் நல்ல திமிர்தான், போ.

வாரம் முடிந்தது என்று நீ பாட்டுக்கு எழுதிவிட்டால் முடிந்துவிடுமா? பிரித்துக் கொடுக்காமல் ஒருத்தி பொருளை நான் வைத்துக்கொண்டால் ஊர் என் முகத்தில் துப்பாதா? குஞ்சுகள் வளர்ந்துவிட்டன. கறுப்பிக்குத் திரும்ப முட்டையிடுகிற நேரம் வந்ததும் குஞ்சுகளைக் கிட்டே சேர்க்கவில்லை, கொத்திக் கொத்தி விரட்டியது. அதுகள் கத்திக்கொண்டு கொல்லை முழுக்க ஓடின. சுகிர்தம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் தானாகவே என்னிடம் வந்து கேட்டாள்: "ஃப்ளோரம்மாவும் இப்டித்தான் என் கையத் தட்டுச்சு. நான் பெர்சாயிட்டனாம்மா?"

ஆறு மாதமாக அந்தப் பிள்ளை இதைத்தான் மனசில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நீ சொல்லாதே என்று சொன்னதை நான் கேட்கவில்லை. உன் கடைசிக் கடிதத்தை எடுத்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஜோலார்பேட்டை வரைக்கும் உட்காரவில்லை என்ற இடத்தில், "கால் நோவலியாம்மா அதுக்கு?" என்று கேட்டாள். அன்று என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். ஏழு வருஷத்தில் அதுதான் முதல் தரம். உன் கடிதம்தான் அவளை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது. இதை நான் எங்கே போய்ச் சொல்ல?

நேற்று ஞாயிற்றுக்கிழமை பங்கு பிரித்தோம். தையல்கடை கமாலுதீன் பாயைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். உன் பங்கு கலந்துவிடாமல் காலில் அடையாளம் கட்ட அவரே சிவப்பு நூல் கொண்டுவந்தார். உன் பக்கம் மூன்று, என் பக்கம் மூன்று. ஒன்று மிஞ்சியது. "ஒத்தையா மிஞ்சுனது தீனி போட்ட வூட்டுக்குத்தாம்மா, அதான் மொற" என்று பாய் அதை என் பக்கம் விட்டுவிட்டார்.

சுகிர்தம் இரண்டு பக்கத்தையும் எண்ணினாள். "ஃப்ளோரம்மா பக்கம் ஒண்ணு கம்மியா கீதே" என்றாள். முறை அப்படித்தான் என்று பாய் சொன்னார். அவள் அவர் கையிலிருந்து நூலை வாங்கி, உட்கார்ந்து, தன் கணுக்காலில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு, எழுந்துபோய் உன் மூன்று குஞ்சோடு நின்றாள். அழவில்லை. அடம் பிடிக்கவில்லை. கணக்கு சரியாகிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தாள்.

நான்தான் அழுதேன். பாய் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குப் போய்விட்டார். உன் தம்பி வந்து, "இன்னாத்துக்கு அயுவுற? அது மன்சு அங்க கீது, ஒடம்ப மட்டும் இங்க கட்டி வெச்சுகினு இன்னா பண்ணப் போற? அனுப்பு. கோயிலுக்குக் கூட இட்னு போவட்டும். தல மேல தண்ணி மட்டும் ஊத்தப் படாது, அத்தக் கண்டிசனா எய்து" என்றார். ஞானஸ்நானம் கூடாது என்று இதோ எழுதிவிட்டேன்.

அதனால் அக்கா, நான் சொல்வதைக் கேட்டுக்கொள். தானமாகத் தரவில்லை. அவளை உன்னிடம் வாரத்துக்கு விடுகிறேன். பெண் என்னுடையவள், பாடு உன்னுடையது. பள்ளிக்கூட நாளெல்லாம் உன் பங்கு. லீவு விட்டால் அடுத்த வண்டியில் என் பங்கு இங்கே வந்து சேர வேண்டும். முழுப் பரீட்சை லீவு, பொங்கல் எல்லாம் என் பக்கம். அவள் என்னை அம்மா என்றும் உன்னை ஃப்ளோரம்மா என்றும்தான் கூப்பிட வேண்டும். நாளைக்குக் கல்யாணம் என்று வந்தால் மணவறையில் இரண்டு பேரும் நிற்போம், யாரும் யாரையும் தள்ளக் கூடாது. இதற்கெல்லாம் சம்மதம் என்றால் மாமாவை லீவு போடச் சொல்லி, ரயில் பாஸ் வாங்கிக்கொண்டு நீயே வா. ஆள் அனுப்பினால் தரமாட்டேன்.

நூலை அவிழ்க்கவே விடமாட்டேன் என்கிறாள். குளிக்கும்போது நனைந்து சாயம் இறங்குகிறது. சீக்கிரம் வா.

உன் தங்கை
வேம்பு