படிக்கட்டுக்கு அடியில் பதினொன்று

மார்ச் 4, செவ்வாய்

காலை பத்து மணிக்கு முன்னறையில் இருந்தவர்கள்: நான், சர்க்கரை நோயாளியான என் வீட்டுக்காரர், வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கப் பயிற்சி எடுக்கும் நர்ஸ் பெண், அவளுக்கு மதிப்பெண் போட வந்த மேடம். ஆக நால்வர். சோபாவுக்கு அடியில் பூனை.

இவருடைய கால் புண்ணுக்கு அழகாகக் கட்டுப் போட்டாள். இவர் முனகிக்கொண்டே இருந்தார். “ஐயா, நான் இன்னும் தொடவே இல்ல” என்றாள்.

அடுத்து, நோயாளிக்கு ஆபத்தானவை இந்த வீட்டில் என்னென்ன என்று எழுத வேண்டும். இருபது நிமிடம் சுற்றி வந்தாள். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மார்ச் 5, புதன்

பெருமைக்கு ஆயுசு ஒரு நாள். கட்டு மாற்ற வந்தவளுக்குக் கண் வீங்கியிருந்தது. ஃபெயில்.

“குறைஞ்சது ஆறு ஆபத்தாவது கண்டுபிடிக்கணும்மா. உங்க வீட்ல ஒண்ணுகூட இல்ல. மேடம் மறுதேர்வு தரலைன்னா சான்றிதழ் கிடையாது.”

திங்கட்கிழமை முழுக்க என்ன செய்தேன்? வழுக்கும் கால்மிதி, ஆடும் முக்காலி, நடைவழியில் கிடந்த ஒயர், காலாவதியான மாத்திரை, இவருடைய தேய்ந்த செருப்பு, இன்னும் என்னென்னவோ — எல்லாவற்றையும் படிக்கட்டுக்கு அடியில் திணித்துத் திரை போட்டேன். வெளியாள் வரும்போது வீடு வீடாக இருக்க வேண்டாமா? பொய் சொல்லவில்லை கடவுளே. திரைதான் போட்டேன்.

மார்ச் 6

பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை. கண்ணை மூடினால் கால்மிதி.

மார்ச் 7, வெள்ளி

அவள் வந்ததும் திரையை விலக்கிக் காட்டிவிட்டேன். எண்ணினாள். பதினொன்று.

“என் மொத்த மார்க்கும் இங்கதான் இருக்கா?” என்றாள். பிறகு சிரித்தாள், பாவம். நான்தான் அழுதேன்.

“நான் அப்பவே சொன்னேன்” என்றார் இவர். என்ன சொன்னார்? செருப்பு எங்கே என்று கேட்டார், அவ்வளவுதான்.

மார்ச் 11, செவ்வாய்

இவருடைய சர்க்கரை அளவைத் தினமும் எழுதும் நோட்டை அவள் கேட்டாள். ஆறு மாதக் கணக்கு, ஒரு நாள் விடாமல். விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனாள்.

“செவ்வாய், வெள்ளி மட்டும் ஏம்மா இவ்ளோ ஏறுது?”

“அன்னிக்கு நீண்ட பிரார்த்தனை. முடிச்சிட்டுத்தான் ரத்தம் பார்ப்பேன். மத்த நாள் முன்னாடியே பார்த்துடுவேன். ஏறுதேன்னு இப்ப பத்து நிமிஷம் கூட்டிக்கூட கும்பிடறேன்.”

“கண்ண மூடிக்கிட்டா?”

“பின்னே?”

“அந்த நேரம் ஐயா எங்க இருப்பாரு?”

இவர் சோபாவுக்கு அடியிலிருந்த பூனையைப் பார்த்தார். அவளும் பூனையைப் பார்த்தாள். முட்டிபோட்டு அங்கே கைவிட்டு இழுத்தாள். பிஸ்கட் டின். தூள் தின்றே பூனை பெருத்திருக்கிறது.

“நீ பத்து நிமிஷம் கூட்டினதும்,” என்றார் இவர், “நான்கூட கடவுளுக்கு நன்றி சொன்னேன்.”

பரீட்சை அன்றும் டின் அங்கேதான் இருந்திருக்கிறது. அன்று அவள் கண்ணிலும் படவில்லை, என் கண்ணில் ஆறு மாதமாகப் படவில்லை. ஆனால் என் கையெழுத்திலேயே இருந்ததைப் படித்துக் காட்டியவள் அவள்தான்.

மார்ச் 14, வெள்ளி

கண்ணைத் திறந்தபடி பிரார்த்தனை. பிறகு ரத்தம் பார்த்தேன். 126. ஆறு மாதத்தில் எந்த வெள்ளியும் இவ்வளவு இறங்கியதில்லை.

மேடத்துக்கு இன்று அனுப்பிய கடிதத்தின் நகல்:

“மதிப்பிற்குரிய மேடம், அந்தப் பெண் தோற்றதற்குக் காரணம் நான். ஒளித்த பொருள்களின் பட்டியலும், அவள் பின்னால் கண்டுபிடித்தது என்ன என்பதற்கு நோட்டுப் பக்கங்களும் இணைத்திருக்கிறேன். மறுதேர்வை எங்கள் வீட்டிலேயே வையுங்கள். பதினொன்றையும் வெளியே எடுத்து, வீடு முழுக்க அவளுக்குத் தெரியாத இடங்களில் வைத்துவிட்டேன். இவரை நான் கைபிடித்துத்தான் நடத்திப் போகிறேன். என்னைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. நேற்று முக்காலியில் இடித்துக்கொண்டேன். ஆகவே எந்த நாள் என்று தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.”