நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

ஓசூர்
11-2-2007

அன்பு மகள் பிரியதர்ஷினிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்கு எதற்குத் தபால் என்று நினைப்பாய். நான் போன் பேசும்போது உன் அம்மா பார்வதி ரிசீவரில் பாதிக் காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள். இது அவளுக்குத் தெரிய வேண்டாம். பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

போன மாதம் கடைசிச் சனிக்கிழமை, பெங்களூரில் இயந்திரக் கண்காட்சிக்குப் போய்த் தகடு அழுத்துகிற புது பிரஸ் மெஷின்களைப் பார்த்து அறிக்கை கொடு என்று கம்பெனியில் அனுப்பினார்கள். டிரைவர் என்னைத் தப்பான வாசலில் இறக்கிவிட்டான். எனக்கு அது தெரியவில்லை. மேஜையில் இருந்த பெண்ணிடம் விசிட்டிங் கார்டைக் கொடுத்தேன். பெயர், நிறுவனம் எல்லாம் எழுதிச் சட்டையில் பேட்ஜ் குத்திவிட்டாள். "எந்த உலகத்துலேந்து வர்றீங்க, அங்கிள்?" என்று கேட்டாள். ஓசூர் என்றேன்.

உள்ளே போனால் ஒரு மெஷினும் இல்லை. தெர்மோகோல் கத்தியும், காகிதத்தில் செய்த டிராகன் தலையுமாக இருநூறு பேர், எல்லாம் உன் வயசுப் பிள்ளைகள். மாயாஜாலக் கதைகளைப் படிக்கிறவர்கள் கூடுகிற ரசிகர் மாநாடாம். ஒருவன் கத்தியை வாங்கி விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன், பழக்கதோஷம். அவன் சந்தோஷமாகச் செய்முறையை விளக்கினான். குடையும் கம்பெனிப் பையுமாக நின்ற என்னையும் ஏதோ வேஷம் என்று நினைத்து இரண்டு பேர் படம் எடுத்துக்கொண்டார்கள்.

உடனே வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. மேடையில் ஒவ்வொருவராக ஏறி, தான் கற்பனை செய்த ஒரு நாட்டைப் பற்றி ஐந்து நிமிடம் சொன்னார்கள். ஒரு கன்னடப் பெண், இறந்தவர்களின் பெயர்களை மட்டும் விற்கும் சந்தை ஒன்றைச் சொன்னாள். அவள் முடித்ததும் என் கண்ணில் தண்ணீர். நாலு மணி நேரம் அங்கேயே நின்றிருக்கிறேன், மத்தியானச் சாப்பாடு கூட இல்லாமல்.

இருபத்தெட்டு வருஷமாக பிரஸ் ஷாப்பில் ஃபோர்மேன். அறுபது டன், நூறு டன் என்று பேசித்தான் பழக்கம். அம்பத்திமூணு வயசில் எனக்கு என்ன ஆயிற்று? அன்றிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்தால் இல்லாத ஊர்களாக நினைவுக்கு வருகின்றன. கோட்டையூர்ப் பெரியப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் புத்தி பேதலித்ததே, அந்த மாதிரியா? நீதான் சின்ன வயசில் இதெல்லாம் படிப்பாய். உனக்குத் தெரியும் என்று கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா
ரத்தினவேல்


புனே
25-2-2007

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. புத்தியெல்லாம் பேதலிக்கவில்லை, உங்களுக்கு ஒன்று பிடித்துப்போய்விட்டது, அவ்வளவுதான். பிடிக்கிற விஷயம் என்று ஒன்று உங்களுக்கு வந்தே பழக்கமில்லாததால் வியாதி மாதிரி இருக்கிறது. பிரஷர் மாத்திரையை மட்டும் விடாமல் போடுங்கள்.

முதலில் படித்தபோது ஆபீஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். டிராகன்களுக்கு நடுவில் குடையோடு நீங்கள்! அப்புறம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது கோபம் வந்தது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

"நீதான் சின்ன வயசில் இதெல்லாம் படிப்பாய்" என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்க மட்டும் இல்லை அப்பா, எழுதினேன். ஏழு நோட்டு. 1997 மே மாதம், பிளஸ் டூ தொடங்குவதற்கு முன்னால், ஏழையும் பழைய பேப்பர்க்காரனிடம் எடைக்குப் போட்டது யார்? நான் ஸ்கூலுக்கு மார்க் ஷீட் வாங்கப் போன நேரம் பார்த்து. பத்து வருஷத்தில் அதைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இப்போது என்னிடமே வந்து இது என்ன என்று கேட்கிறீர்கள்.

அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.

பிரியா


ஓசூர்
18-3-2007

அன்பு மகளுக்கு,

நீ எழுதியதற்கு உடனே பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். செய்தது நான்தான். அதைப் பற்றி எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது, இப்போது தைரியம் வரவில்லை. அதற்குள் இங்கே வேறு ஒரு சிக்கல்.

எனக்கு அடுத்த ஷிப்ட் ஃபோர்மேன் முனிவேல். நாட்றாம்பாளையம் பக்கத்து ஆள், நல்ல மனுஷன். மூன்றரைக்கு அவன் உள்ளே வருவான், மூன்று முப்பத்தஞ்சுக்கு எனக்குக் கம்பெனி பஸ். அந்த ஐந்து நிமிஷத்தில் பேச எங்கே நேரம்? எது ஓடுகிறது, எது நிற்கிறது என்பதை ஷிப்ட் ரிஜிஸ்டரில் குறிப்புப் பகுதியில் எழுதிவைப்பேன். அவன் படித்துக் கீழே எழுதுவான். ஆறு வருஷமாக எங்கள் பேச்சு முழுக்க அதில்தான்.

போன மாதம் ஒருநாள் "நாலாம் நம்பர் மெஷின், டை அச்சு மாற்ற வேண்டும்" என்று எழுதிவிட்டு, கை நிற்காமல் அதன் கீழே ஒன்று எழுதிவிட்டேன். பாறைகளுக்கு நடுவே ஓர் ஊர், மழை பெய்யும்போது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும் என்று. மறுநாள் அவன் பஸ்ஸுக்கு ஓடுகிற என்னை நிறுத்தி, "சார், மழை வுட்டா அந்த ஊரு காணாமப் போயிடுமா? உள்ள கீறவங்க இன்னா ஆவாங்க? சொல்லிட்டுப் போ சார்!" என்றான். அன்றிலிருந்து தினமும் நாலு வரி. அவனும் கீழே எழுதுகிறான். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பான். ஆபரேட்டர்கள் டீ குடிக்கிற நேரத்தில் படிக்கிறார்களாம்.

சிக்கல் என்னவென்றால், அந்த ரிஜிஸ்டரில் பக்கம் பக்கமாக நம்பர் அச்சடித்திருக்கிறது. ஒரு தாளைக் கிழித்தாலும் தெரிந்துவிடும். அழித்தல் திருத்தல் கூடாது. ஏப்ரலில் தரச் சான்றிதழுக்கு வெளி ஆடிட்டர் வருகிறார். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் ஒரு மெமோ வாங்காதவன் நான். என்ன பிடித்து ஆட்டியது என்று தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊர் நான் நினைத்தது இல்லை. உன் நோட்டில் இருந்தது. அன்று தராசில் வைக்கும் முன்னால் ஒரே ஒரு பக்கம் படித்தேன். மழை நின்ற பிறகு என்ன ஆகும் என்று அதில் இல்லை. முனிவேல் கேட்டபடியே இருக்கிறான். உனக்கு ஞாபகம் இருந்தால் எழுதம்மா.

அன்புடன்,
அப்பா


புனே
29-3-2007

அப்பா,

எழுத மாட்டேன். எழுதவும் முடியாது, எனக்கு ஞாபகம் இல்லை.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து நாலு நாளாக உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஏழு நோட்டின் அட்டை ஞாபகம் இருக்கிறது. எந்தப் பேனாவில் எழுதினேன் என்பது கூட ஞாபகம் இருக்கிறது. கதை போய்விட்டது. அதில் மிச்சம் இருக்கிற ஒரே பக்கம் உங்கள் தலைக்குள் இருக்கிறது. அதை நீங்கள் உங்கள் ஆட்களுக்கு டீ நேரத்தில் படிக்கக் கொடுக்கிறீர்கள். இது என்ன நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அது என்னுடையது. இனிமேல் அதில் ஒரு வரி எழுதாதீர்கள். உங்களுக்குப் பிடித்திருந்தால் நீங்களாக ஒரு ஊரைக் கண்டுபிடியுங்கள்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. இருந்தாலும் இதைப் போஸ்ட் பண்ணத்தான் போகிறேன்.

பிரியதர்ஷினி


ஓசூர்
22-4-2007

அன்பு மகள் பிரியாவுக்கு,

நீ சொன்ன அன்றே நிறுத்திவிட்டேன். முனிவேலிடம், "அது என் பொண்ணோடது, நான் கேக்காம எடுத்துட்டேன்" என்றேன். அவன், "தப்புதான் சார். ஆனா பொண்ணு நல்லாவே கட்டிக்கீது ஊர" என்றான். அவன் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறேன்.

ஆடிட்டும் முடிந்தது. வந்தவர் பாஸ்கரன் என்று சென்னைக்காரர். எத்தனையோ ரிஜிஸ்டர் இருக்க, எங்களுடையதைத்தான் எடுத்தார். நேராக நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், நாங்கள் கடைசியாகக் கதை எழுதிய பக்கம். முழுதாகப் படித்தார். "இது எந்த மெஷினுங்க?" என்று கேட்டார். "மெஷின் இல்ல சார், கதை" என்றேன். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையை உனக்குச் சொல்ல மாட்டேன். ஆடிட்டர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதில் டை மாற்றிய நேரம் மட்டும் இருந்தது. அவர் முகம் வாடியதா என்று சத்தியம் பண்ண முடியாது. அப்புறம் குறை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு மெமோ. மூன்று மாதத்துக்கு ரிஜிஸ்டரில் கை வைக்கக் கூடாது. அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. "இந்த வயசுல இவருக்குக் கதை கேக்குதாக்கும்" என்று இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டைச் சத்தமாக வைத்தாள். இப்போது சரியாகிவிட்டாள்.

இனி அந்த விஷயம். அன்று உன் நோட்டைத் திறந்தது, குப்பை என்று உறுதி செய்துகொள்ளத்தான். ஒரு பக்கம் படித்தேன். பிடித்திருந்தது பிரியா. ரொம்பப் பிடித்திருந்தது. பேப்பர்க்காரன் வாசலில் நிற்கிறான், நான் அடுத்த பக்கத்தைத் திருப்பப் போகிறேன். அப்போதுதான் பயம் வந்தது. எனக்கே இப்படி இழுக்கிறதே, இந்தப் பிள்ளை எப்படிப் பரீட்சை எழுதும் என்று நினைத்தேன். தூக்கித் தராசில் வைத்துவிட்டேன். பிடிக்காமல் போட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது. கேட்கிறேன்.

உனக்காகத்தான் எனக்கு இந்தக் கதைகள் பிடிக்கின்றன என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் அது பொய். எனக்கே பிடிக்கிறது. அதுதான் இன்னும் குழப்பமாக இருக்கிறது.

உன் பக்கத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான். நானும் முனிவேலும் சேர்த்ததை எல்லாம் எடுத்துவிட்டேன்:

"பாறைகளுக்கு நடுவில் ஓர் ஊர். மழை பெய்தால்தான் தெரியும். வாசலில் ஒரு காவல்காரப் பெண் நிற்பாள். வருகிறவரிடம் 'நனைந்திருக்கிறாயா?' என்று மட்டும் கேட்பாள். குடை பிடித்து வந்தவரை உள்ளே விட மாட்டாள்."

உன்னுடையதை உனக்கே அனுப்பிவிட்டேன். என்னிடம் பிரதி இல்லை.

ஆகஸ்டில் இரண்டாவது சனிக்கிழமை பெங்களூரில் மறுபடியும் மாநாடாம். தபாலில் விண்ணப்பம் வந்திருக்கிறது. போவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

உன்
அப்பா


புனே
13-5-2007

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய தாளை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள். ஒருநாள் மன்னித்த மாதிரி இருக்கிறது, மறுநாள் இல்லை. எனக்கும் உங்கள் குழப்பம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆனால் அதில் ஒரு தப்பு இருக்கிறது அப்பா. படித்ததுமே எனக்குக் கொஞ்சம் ஞாபகம் வந்துவிட்டது. என் கதையில் காவலுக்கு நிற்பது பெண் இல்லை. ஆண். உங்களை மாதிரியே சட்டைப் பையில் சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என்று இரண்டு பேனா வைத்திருப்பார். அந்த ஊரிலேயே அவர் கையில் மட்டும்தான் குடை இருக்கும். யார் நனைந்திருக்கிறார்கள் என்று சரியாகப் பார்த்து உள்ளே அனுப்புவார். அவர் மட்டும் ஒரு தடவை கூட உள்ளே போனதில்லை. பதினாறு வயசில் உங்கள் மேல் இருந்த கோபத்தில் எழுதியது அது.

பத்து வருஷம் தலைக்குள் வைத்திருந்து, அவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெண்ணை நிறுத்தியிருக்கிறீர்கள். அவள் நான்தான் என்று எனக்குத் தெரிகிறது. உங்களுக்குத் தெரிந்துதான் செய்தீர்களா என்று தெரியவில்லை. அந்த இடத்தைப் படித்துவிட்டு அழுதேன்.

மழை நின்றதும் உள்ளே இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது. முனிவேல் அண்ணனிடம், யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

விண்ணப்பத்தில் இரண்டு பெயர் போடுங்கள். ஆகஸ்டில் நாலு நாள் லீவு சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை பெங்களூர் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பேன், அம்மாவிடம் சொல்லுங்கள். 'நிறுவனம்' என்ற இடத்தில் கம்பெனிப் பெயரை எழுதித் தொலைக்காதீர்கள், சும்மா விடுங்கள்.

அந்த மாதம் அங்கே மழை இருக்கும். அம்மா எவ்வளவு சொன்னாலும் குடை எடுத்து வராதீர்கள்.

உங்கள்
பிரியா