ரோட்டைப் பார்க்காத இடது கண்ணாடி

முன்சீட்டுக்காரருக்கு, பின்சீட்டுக்காரி மங்கை எழுதுவது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, நம் கும்மிடிப்பூண்டி வாடகை வீட்டு வாசலில் இருந்தவர்கள்: நான், நம் பெண் பவானி, உங்கள் வண்டிக் குழுவின் கபூர் பாய், மெக்கானிக் ஏழுமலை, சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டபடியே பக்கத்து வீட்டு லோகம்மா. ஆக ஐந்து பேர். நடுவில் உங்கள் பழைய புல்லட். ஆறு என்று எழுதத்தான் கை போனது. கணக்கைத் தப்பாக எழுதக்கூடாது என்று நிறுத்திக்கொண்டேன்.

விஷயம் இதுதான். நாளை செவ்வாய். சிறுவாபுரி முருகனுக்கு நாம் வேண்டிக்கொண்ட ஆறு செவ்வாயில் ஐந்து முடிந்து, ஆறாவது அப்படியே நிற்கிறது. சொந்த வீடு வேண்டும், ஆறு வாரமும் இந்த வண்டியிலேயே வருகிறோம் என்று சொல்லித்தானே தொடங்கினோம்? ஆறாவதுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஞாயிறு ஷிப்டுக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். எழுந்திருக்கவில்லை. இன்றைக்கும் யாராவது "வண்டியிலயா?" என்று கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த வண்டி உங்களை ஒரு நாளும் கீழே போட்டதில்லை.

முதல் வருஷம் கோயிலுக்குப் போகக்கூடாது என்றார்கள். பவானியோ அன்றிலிருந்தே வண்டியைத் தொட மறுத்தாள்; வருஷம் கழிந்தும் தொடவில்லை. நீங்கள் இருக்கும்போது சிப்காட் உள்ரோட்டில் அதை ஓட்டித் திரிந்த பெண், சாவியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கம்பெனிக்கு ஸ்கூட்டரில்தான் போய்வருகிறாள். அதனால் வண்டியை நான் பார்த்துக்கொண்டேன்.

வெள்ளிதோறும் விளக்கேற்றிவிட்டு, பெட்ரோல் டேங்கில் குங்குமம் வைத்து, வண்டியை ஸ்டார்ட் செய்வேன். குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வீர்களே, "மீட்டர் முள்ளு நடுவுல வரட்டும், அப்பால ஒதை. காலால ஒதைக்காத, ஒடம்பால ஒதை" என்று. அதை அடுப்படியிலிருந்து கேட்டே கற்றுக்கொண்டவள் நான். பத்து நிமிடம் ஓடவிடுவேன். அந்தச் சத்தத்தோடு சத்தமாக முருகன் பெயரை நூற்றெட்டு தடவை சொல்வேன். பிறகு அணைத்துவிடுவேன். ஆயில் மாற்றிய கிலோமீட்டரை நீங்கள் எழுதிவைத்த அதே நோட்டில் தேதி, எத்தனை உதை, எத்தனை நிமிடம் என்று எழுதினேன். எண்பத்தேழு வெள்ளி. ஒன்றுகூட விடவில்லை.

போன வாரம் பவானியே வாய் திறந்தாள். "ஆறாவது வாரத்த முடிச்சிடலாம்மா. கபூர் மாமா நம்ம வண்டிய ஓட்டட்டும், நாம ஸ்கூட்டர்ல பின்னாடியே போலாம்." சரி என்றேன். ஆனால் இந்த வெள்ளிக்கிழமை முப்பத்தோரு உதை உதைத்தும் வண்டி இருமக்கூட இல்லை. அதனால்தான் நேற்று இத்தனை பேர்.

ஏழுமலை அடியில் போல்ட்டைக் கழற்றினான். காபியில் மோர் ஊற்றினது போல வெளுத்துப்போய் வழிந்தது ஆயில்.

"அண்ணி, இன்னா பண்ணீங்க இத?"

நான் நோட்டை நீட்டினேன். கை எல்லாம் பிசுக்கு, ஓரத்தைப் பிடித்துத்தான் புரட்டினான். "மொத மாசம் ரெண்டு ஒதை. அப்பால ஆறு. தீவாளிக்கு பதினாலு. டாக்டரு சீட்டு மாதிரி கீது அண்ணி, நோவு ஏறிக்கினே வந்தது அப்பிடியே தெரிது. ஆமா, ஒரு நாளுகூட ஓட்டவே இல்லியா?"

"வாராவாரம் ஸ்டார்ட் பண்ணேனேப்பா."

"அதான் பேஜாரே!"

சுவருக்கு மேல் லோகம்மா தலை தெரிந்தது. "ஆறாவது வாரம் இருவது மாசம் கழிச்சா? உட்ட எடத்துலேர்ந்து புடிக்க இது இன்னா டீவி சீரியலா? மொதல்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும். இல்லன்னா அக்கடான்னு உட்டுடணும். ஒண்டிக்கு எதுக்குடி ஊடு?"

எனக்கே தெரியாததை அவளிடம் என்ன சொல்ல?

கபூர் பாய் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "தங்கச்சி, இத நான் சொன்னா ஒனக்கு வருத்தமாயிடும். அவுரே சொல்லட்டும்" என்றார்.

குழுவின் வாட்ஸ்அப்பில் நீங்கள் எப்போதோ பேசிப் போட்டதாம். உங்கள் போனை நான் அலமாரியில் வைத்துப் பூட்டியதோடு சரி, திறக்கவில்லை. இருபது மாதத்துக்குப் பிறகு, வாசலில், எல்லோர் முன்னிலையிலும் உங்கள் குரல்:

"இன்னாபா, நிறுத்தி வெச்ச வண்டிய வாரத்துக்கு ஒரு தபா ஸ்டார்ட் பண்ணி, நின்ன எடத்துலயே பத்து நிமிசம் உறும உட்டு ஆஃப் பண்றவங்க யாரு? கைய தூக்கு. அதுக்கு அத சும்மா உட்டுடறதே மேல். எஞ்ஜினு முழுசா சூடாவாது, உள்ள வேர்த்து தண்ணி நிக்கும், பேட்டரி எறங்கும். ஓட்டுங்க. பதினஞ்சு கிலோமீட்டராவது காத்துல ஓட்டுங்க. அது ஓட்றதுக்குத்தான்பா பொறந்துது..."

அதற்குள் பின்னாலிருந்து ஒரு பொம்பளைக் குரல்: "இன்னாங்க, நாஷ்டா ஆறிப் போவுது!"

"இரு மங்கை, வரேன்" என்கிறீர்கள். அதோடு நின்றுவிடுகிறது.

லோகம்மா கையில் ஈரத் துணி சொட்டிக்கொண்டிருந்தது. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். பூசை என்று நினைத்து எண்பத்தேழு வெள்ளி உங்கள் வண்டியின் உயிரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியிருக்கிறேன். கையைத் தூக்கு என்றீர்களே, தூக்க வேண்டியவள் அன்றைக்கு தோசைக்கல் பக்கம் நின்றிருக்கிறாள். நீங்கள் ஊருக்கெல்லாம் சொன்னதை என்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை? எனக்கு எதற்கு அது, நீங்கள்தான் இருக்கப்போகிறீர்களே என்றுதானே இருவரும் நினைத்தோம்?

பவானி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அழாதம்மா. நீ தப்பா தொட்ட. நான் தொடவே இல்ல" என்றாள். பிறகு துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏழுமலையிடம் போய், "அண்ணே, கார்புரேட்டர நான் கழட்டறேன்" என்றாள்.

புது ஆயில், புது பிளக், ஏழுமலை கடையிலிருந்து ஒரு பேட்டரி. பழைய பெட்ரோலை வடித்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு ஏழுமலை பன்னிரண்டு உதை உதைத்து மூச்சு வாங்கினான். "அண்ணி, நீங்களே வாங்க. உங்க காலுக்குத்தான் அது பழகிக்கினு கீது." புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முள் நடுவுக்கு வரும்வரை காத்திருந்து, உடம்பால் உதைத்தேன். இரண்டாவது உதை. தெருநாய் எழுந்து ஓடியது. கபூர் பாய் "அல்லா!" என்றார், நான் "முருகா!" என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

"நாளான்னைக்கு விடிகாலைல வரேன் தங்கச்சி, நான் ஓட்டறேன்" என்று அவர் சாவிக்குக் கை நீட்டினார்.

பவானி அதற்குமுன் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "மாமா, நான் ஓட்டறேன். அம்மா என் பின்னாடி ஒக்காரட்டும்."

"இந்த பழைய வண்டில கியரும் பிரேக்கும் எடம் மாறி கீதும்மா, ஞாபகம் கீதா?"

"வலது காலு கியரு, இடது காலு பிரேக்கு. அப்பா தூக்கத்துல எழுப்பி கேப்பாரு மாமா." சொல்லிக்கொண்டே கண்ணாடிகளைப் பார்த்தவள் திரும்பினாள். "அம்மா, இந்த லெப்ட் கண்ணாடில ரோடே தெரில. பின்சீட்டுதான் தெரிது."

கபூர் பாய் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். "ரெண்டு கண்ணாடியும் ரோட்டுக்குத்தான், மூஞ்சிய ஊட்ல போய் பாத்துக்கோங்கன்னு எங்கள திட்டுவாரு. அவுரு கண்ணாடிய மட்டும் யாரும் தொடக்கூடாது."

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நான் உங்கள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன், இத்தனை வருஷமும். தச்சூர் கூட்டுரோட்டில் லாரிகளுக்கு நடுவில் நான் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று முணுமுணுத்ததெல்லாம் பார்த்தீர்களா? அதனால்தான் அங்கே மட்டும் வேகத்தைக் குறைப்பீர்களா?

"திருப்பட்டுமாம்மா?" என்றாள் பவானி. அவள் கை கண்ணாடியின் மேல் இருந்தது, அசைக்கவில்லை.

உங்கள் கை கடைசியாக வைத்த இடம் அது. வெள்ளிதோறும் அதைத் துடைத்திருக்கிறேன், நகர்த்தாமல், காரணம் தெரியாமலே. ஆனால் நாளை அந்த ரோட்டில் போகப்போவது நம் பெண்.

"திருப்பு" என்றேன்.

திருப்பினாள். நேற்று சாயங்காலம் கவரைப்பேட்டை வரை போய்த் திரும்பினோம். நீங்கள் சொன்ன பதினைந்து கிலோமீட்டருக்கு ஒன்றும் குறையவில்லை. நோட்டில் எழுதிவிட்டேன். நிமிடக் கணக்கு இல்லை, ஓடிய கிலோமீட்டர். இனி அப்படித்தான் எழுதுவேன், இது சத்தியம். வெள்ளிதோறும் விளக்கு, குங்குமம், அப்புறம் பவானியோடு ரோடு. நின்ற இடத்தில் உறுமவிட மாட்டேன்.

இன்று காலை லோகம்மா வந்து, "போயிட்டு வாங்கடி, பாலு நான் வாங்கி வெக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லாம் தயார். ஒன்றுதான் தெரியவில்லை. வீடு வேண்டி வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கோயிலில் செய்வது போல, ஐந்து வாரமும் கல் மேல் கல் அடுக்கிக் குட்டி வீடு கட்டிவிட்டு வந்தோம். வண்டி நனையாமல் நிற்க ஒரு நிழல் வேண்டும் என்று நீங்கள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. கதவு வைத்த பூசை அறை வேண்டும் என்று நான் கேட்டது உங்களுக்குக் கேட்டதா? நாளை ஆறாவது விளக்கை ஏற்றிவிட்டு என்ன கேட்பது? வீடு கேட்டால், நீங்கள் இல்லாத வீட்டையா கேட்பது? கேட்காமல் வந்தால் உங்கள் ஐந்து வாரம் வீணாகாதா?

"இரு மங்கை, வரேன்" என்று சொன்னவர் நீங்கள். வர வேண்டாம். இதை மட்டும் சொல்லுங்கள். கனவில் என்றாலும் சரி, வேறு எப்படியானாலும் சரி. காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறோம். அதற்குள் பதில் வேண்டும்.

இன்னமும் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருக்கும்
உங்கள் சம்சாரம்,
பவானியின் அம்மா,
மங்கை